கண் படக் கூடாதென்று மறைத்த கல்யாணம்

நீங்கள் இருவரும் உண்மையான கணவன் மனைவிதான் என்று எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை.

கனடா குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் மரியாதைக்காக எழுதியது. அது புரட்டாசி மாதம், ஒரு சனிக்கிழமை. பெருமாநல்லூரில் நான் செக்கிங் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, லாக்கரிலிருந்து போனை எடுத்து, கேட்டுக்கு வெளியே நின்று அதைப் படித்தேன். பாதி புரிந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. கம்பெனி பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. அது போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

முருகன் அடியார்களே, என் பெயர் கோகிலா. நம் கிருத்திகைக் குழுவில் பலருக்கு என்னைத் தெரியும். பின்வரிசையில் உட்கார்ந்து, பஜனை முடிவதற்குள் சுண்டலைப் பார்த்துக்கொண்டிருப்பேனே, அவள்தான். எனக்கு நடந்ததை எழுதச் சொன்னீர்கள். சந்தோஷமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அப்படி வருமா என்று தெரியவில்லை. வருகிறபடி எழுதுகிறேன்.

எனக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் கல்யாணத்துக்கு அவிநாசியில் பெரிய மண்டபம் பிடித்தார்கள். வானத்தில் கேமரா பறந்தது. மூன்று ஆல்பம் போட்டார்கள். சாலையெங்கும் எங்கள் முகத்தோடு பேனர் வைத்தார்கள். வருடம் திரும்புவதற்குள் பைபாஸ் சாலையில் ஒரு லாரி அவரைக் கொண்டுபோய்விட்டது. துக்கத்துக்கு வந்த பெண்கள் என் காதுபடவே சொன்னார்கள். "அத்தனை பேர் கண்ணும் பட்டுப்போச்சுங்க. அப்படியா ஊருக்குக் காட்டுறது?" அந்தச் சொல் எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. மூன்று ஆல்பத்தையும் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். அதற்குப் பிறகு கண்ணாடி பார்ப்பதையே குறைத்துக்கொண்டவள் நான்.

பல வருடம் கழித்து அவர் வந்தார். சிவக்குமார். முன்பெல்லாம் பெயரைச் சொல்ல மாட்டேன், விண்ணப்பம் நிரப்பி நிரப்பிக் கூச்சம் போய்விட்டது. நிட்டிங் மெஷின் மெக்கானிக்காக இருந்து, கனடா போய், அங்கேயே நிரந்தரமாகத் தங்க உரிமை வாங்கியவர். செவ்வாய் தோஷம் என்று சொல்லிச் சொல்லியே நாற்பது தாண்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண் கிடைக்காமல் நிற்கும் மாப்பிள்ளைகளின் வரிசையில் அவரும் ஒருவர். அவருடைய அம்மா பழனாத்தாள்தான் என்னைக் கேட்டு வந்தார்கள். கேட்பதற்கு முன் எங்கள் மலைக்கோயிலில் முருகனிடம் பூ கேட்டார்களாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம், இரண்டையும் சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுத்துத் தரச் சொல்வது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளை வந்திருக்கிறது.

"சாமியே சரின்னு சொல்லிப்போட்டான். அப்புறம் எவன் என்ன சொன்னா எனக்கென்ன கண்ணு?" என்றார்கள்.

சொன்னவர்கள் இருந்தார்கள். என் தாய்மாமா ஒருவரே போதும். உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரிய மனிதர். "ஒருக்கா சீர் செஞ்சாச்சு. தாலி அறுத்த புள்ளைக்கு மறுக்கா மாலையா? நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர் வராததால் அவர் பக்கத்துச் சொந்தம் யாரும் வரவில்லை.

எனக்கு அது ஒருவகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. கூட்டம் வேண்டாம், பத்திரிகை வேண்டாம், முக்கியமாகப் போட்டோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவளே நான்தான். வைகாசியில் ஒரு விடியற்காலை, மலைக்கோயிலில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு தாலி ஏறியது. யாரோ போனைத் தூக்கியபோது கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன். இந்த மனிதராவது எனக்கு நிலைக்க வேண்டும், யார் கண்ணிலும் படாமல் நாங்கள் வாழ்ந்துவிட வேண்டும் என்பதுதான் அன்று என் வேண்டுதல்.

பழனாத்தாள் அத்தை மட்டும் கேட்கவில்லை. நாங்கள் பிராகாரத்தில் நின்றபோது தன் போனில் ஒரு படம் எடுத்துவிட்டார்கள். நானும் அவரும் ஒரு கல்தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல நிற்கிறோம். படத்தின் ஒரு மூலையை அத்தையின் கட்டைவிரல் மறைத்திருக்கிறது. எங்கள் கல்யாணப் போட்டோ அந்த ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நம் ஊர் வழக்கப்படி நடந்தது. ஆனி முடிந்து ஆடி பிறந்ததும் அம்மா வீட்டார் வந்து என்னை அழைத்துப்போனார்கள். புதுப்பெண்ணை ஆடியில் புருஷனோடு விட மாட்டார்களே. அந்த ஆடியிலேயே அவருக்கு லீவு முடிந்து விமானம் ஏறினார். ஆடிப்பெருக்கு கழிந்து நான் அவிநாசியில் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. ஷிப்ட் எப்போது முடியும் என்பதும் நிச்சயமில்லை. அதனால் அவர் அத்தையின் போனுக்குத்தான் கூப்பிடுவார். சாயங்காலம் அதை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் பேசுவோம். பேசுவது பெரும்பாலும் அத்தைதான்.

என்னை அங்கே அழைத்துக்கொள்ள அவர் விண்ணப்பித்து ஒரு வருடம் கழித்துத்தான் அந்தக் கடிதம் வந்தது. அதில் கேட்டிருந்ததைப் பாருங்கள். கல்யாணத்துக்கு ஏன் விருந்து இல்லை? ஏன் படங்கள் இல்லை? பெண் வீட்டுப் பெரியவர்கள் ஏன் வரவில்லை? கல்யாணமான இரண்டாம் மாதமே மனைவி ஏன் பிரிந்து தாய்வீட்டுக்குப் போனார்? கணவனிடமிருந்து மனைவியின் போனுக்கு ஏன் அழைப்பே இல்லை? ஒவ்வொன்றும் நியாயமான கேள்விதான். எங்கோ உட்கார்ந்திருப்பவருக்கு ஆடி மாதம் எப்படித் தெரியும்? பதிவுச் சான்றிதழ் எங்களிடம் இருந்தது. அதை மட்டும் வைத்து ஒப்புக்கொள்ள முடியாது, சேர்ந்து வாழும் வாழ்க்கையைக் காட்டுங்கள் என்றார்கள். அதற்கு ஒரு கெடுவும் வைத்திருந்தார்கள்.

எனக்கு முப்பத்தாறு முடிந்திருந்தது. இதில் மறுத்துவிட்டால், மறுபடி விண்ணப்பித்து எத்தனை காலம் நிற்பது? ஒரு குழந்தைக்கு ஆசைப்பட எங்களுக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது? அன்று அத்தையின் மடியில் விழுந்து அழுதேன். யார் கண்ணும் படக் கூடாது என்று மறைத்தேன், கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டோம் என்கிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். "அந்த ஆபீசரை நம்மூட்டுல ஒரு நாளைக்கு வந்து உக்காரச் சொல்லு. உன்ற வாயும் என்ற வாயும் போடற சண்டையப் பாத்தா, இவ மருமவளேதான்னு கையெழுத்துப் போட்டுட்டு ஓடிப்போவான்."

அழுகையோடு சிரித்தேன். அவர்கள் அப்படித்தான்.

விண்ணப்பத்தைப் பார்த்துக்கொடுத்த கன்சல்டன்சி திருப்பூரில் இருந்தது. அங்கே தினேஷ் என்று ஒரு தம்பி. நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். எங்கள் ஒரே படத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க ஊட்டு நாய்க்குட்டி பொறந்தநாளுக்கே இதைவிட நெறையப் போட்டோ இருக்குதுங்க அக்கா. இது என்னங்க மூலையில?"

"எங்க அத்தையோட விரலுங்க."

"அதை வெட்டிர்லாம். அக்கா, நான் ஒண்ணு சொல்றனுங்க. சாரை அவரு போட்டோ நாலஞ்சு அனுப்பச் சொல்லுங்க. நீங்க பட்டுச்சேலை கட்டிட்டு வாங்க. மண்டபம், கூட்டம், மாலை மாத்தறது எல்லாம் கம்ப்யூட்டர்ல சேத்துத் தர்றதுக்கு ஆளு இருக்குது. நடந்த கல்யாணம் தானுங்களே, பொய்யில்லையே?"

எனக்கு அது சரி என்றே பட்டது, சொல்ல வெட்கமில்லை. பசித்தவனுக்கு ருசி தெரியாது என்பார்களே, அந்த நிலை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை சாணி மிதித்தவர்கள்போல முகத்தைச் சுளித்தார்கள். "நெசமாக் கட்டுன தாலிக்குப் பொய்யா ஒரு போட்டோவாக்கும்?" என்றார்கள். நான் விடவில்லை. கடைசியில் பூ கேட்போம் என்று முடிவானது.

ஐப்பசிக் கிருத்திகையன்று மலை ஏறினோம். அத்தைக்கு மூச்சு வாங்கியது. படிக்குப் படி உட்கார்ந்தார்கள். "வயசாச்சு கண்ணு, வேற ஒண்ணுமில்ல" என்றார்கள். நானும் நம்பினேன். என் கண்ணில் என் கவலை தவிர வேறு எதுவும் படவில்லை. இந்தப் படவேலையைச் செய்யட்டுமா முருகா என்று கேட்டேன். குருக்கள் எடுத்துக்கொடுத்த பொட்டணத்தைப் பிரித்தேன்.

சிவப்பு அரளி.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கோ ஆத்திரம் வந்தது. இருந்த ஒரே கதவையும் அடைத்துவிட்டானே. சன்னதி என்றும் பார்க்காமல் வாய்விட்டே சொன்னேன். "பொய் வேண்டாம்னா, நெசத்தை நீயே காட்டு. இந்த ஊரே கூடி, இவ இன்னாருக்குப் பொண்டாட்டின்னு சொல்லோணும். வராத என்ற மாமன் வந்து நிக்கோணும். ஆவுமா உன்னால?"

குருக்கள் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை என் தோளைத் தட்டி, "ஆவும், ஆவும். வா, எறங்கலாம்" என்றார்கள்.

கார்த்திகை பிறந்த முதல் வாரம். காலையில் அத்தை வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன். "கண்ணு, கொஞ்சம் தண்ணி குடு" என்றார்கள். சொம்போடு திரும்பினேன். சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்தார்கள். ஓடிப்போய்த் தாங்கினேன். என் கையைப் பிடித்த பிடியை அவர்கள் விடவேயில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இருதயம் ரொம்ப நாளாகவே பழுதாகியிருக்கும் என்றார் டாக்டர். சொல்லாமலே இருந்திருக்கிறார்கள். சொன்னால் நான் கனடா போக மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவருக்கு நான்தான் போன் செய்தேன், அத்தையின் போனிலிருந்து. எடுத்ததும், "சொல்லும்மா" என்றார். அம்மாதான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

அவர் வந்து சேரும்வரை அத்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தோம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை வெளியே போனவள் தெருமுனையில் பேனரைப் பார்த்தேன். அவருடைய நண்பர்கள் வைத்தது. அத்தையின் பெரிய படம், கண்ணீர் அஞ்சலி, அதன் கீழே: மகன் சிவக்குமார், மருமகள் கோகிலா. எங்கள் இரண்டு பெயரும் சேர்ந்து ஊருக்கு முன்னால் வந்தது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு வைக்காத பேனர். நான் மலையில் கேட்டது ஞாபகம் வந்துவிட்டது.

ஊரே வந்தது. கல்யாணத்துக்கு வராதவர்கள், மாமாவைத் தவிர, எல்லாரும் வந்தார்கள். சாவுக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லையே. அவர் விமான நிலையத்திலிருந்து நேராக வந்து, பெட்டியைப் பார்த்து, நின்ற நிலையிலேயே என் தோளில் சாய்ந்து குழந்தையாய் அழுதார். அத்தனை பேருக்கு முன்னால் நானும் அவரைப் பிடித்துக்கொண்டேன். யார் கண் பட்டால் என்ன என்று அன்றுதான் தோன்றியது. வெளியூர்ச் சொந்தங்களுக்காக ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

பிறகு கருமாதி. எங்கள் பக்கத்தில் கருமாதியன்று, கொள்ளி வைத்த மகனுக்குப் பெண் கொடுத்த வீட்டார்தான் கோடித் துணி கொண்டுவந்து தலையில் உருமால் கட்ட வேண்டும். வேறு யாரும் கட்ட முடியாது. அப்பா இல்லை, கூடப்பிறந்தவன் இல்லை எனக்கு. மாமாதான் கட்ட வேண்டும். அவர் வர மாட்டார் என்று தெரியும். கட்ட ஆளில்லாமல் என் கணவர் ஊர் முன்னால் வெறும் தலையோடு நிற்கப்போகிறாரே என்று, அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றிருந்தோம்.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மாமா இறங்கினார். கையில் தாம்பாளம், அதில் கோடி வேட்டியும் உருமாலும் எனக்கு ஒரு சேலையும். யாரையும் பார்க்கவில்லை. நேராக அவரிடம் போனார்.

"மாப்ளே, தலையக் கொஞ்சம் குனியுங்க."

மாப்ளே. அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை நாள் காத்திருந்தோம்! உருமாலை இறுக்கிச் சுற்றிக் கட்டினார். பிறகு என்னிடம் வந்து சேலையை நீட்டினார். "உங்க அத்தை போன மாசம் எனக்குப் போன் பண்ணுச்சு சாமி. ஒருக்கா வந்துட்டுப் போங்கன்னுச்சு. நாந்தான் அப்புறம் பாக்கலாம்னு வெச்சுட்டேன்" என்றார்.

சாவுக்கும் கருமாதிக்கும் எடுத்த படங்களைத்தான் அனுப்ப வேண்டும் என்றார் தினேஷ். இதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாதுங்க அக்கா என்றார். நான் முடியாது என்றேன். அத்தையின் சாவைக் கொடுத்து விசா வாங்குவதா? அதோடு எனக்குள் ஒரு பயம். அதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஊர் கூட வேண்டும், மாமன் வர வேண்டும் என்று நான்தானே கேட்டேன்? கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டான். எப்படிக் கொடுப்பாய் என்று நான் கேட்கவில்லையே. அவரிடம் இதைச் சொல்லி அழுதேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"உன்ற வாயால எங்கம்மா சாவல. அது சீக்கு" என்றார். பிறகு, "சிவப்புப் பூ வந்திருக்காட்டி நீ அந்தப் போட்டோவை அனுப்பிருப்ப. மாட்டியிருந்தா ஆயுசுக்கும் விசா இல்ல. மாட்டாம அப்பவே கெடைச்சிருந்தா, நீ பிளேன் ஏறியிருப்ப. எங்கம்மா தண்ணி கேட்டப்ப ஊட்டுல ஆரு இருந்திருப்பா?" என்றார்.

அவன் அந்தக் கதவை அடைத்ததால்தான் அத்தை தனியாக விழவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அத்தனை நாளாயிற்று. படங்களை அனுப்பினோம். துக்கத்தைச் சொல்லிக் கெடுவை நீட்டிக் கேட்டிருந்தோம், கொடுத்திருந்தார்கள்.

மாசியில் வீடியோவில் நேர்காணல். அதிகாரி ஒரு பெண்மணி, மொழிபெயர்க்க ஒருவர். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு மாமா உருமால் கட்டுகிற அந்த ஒரு படத்தைக் காட்டிக் கேட்டார்கள். இவர் யார், ஏன் உங்கள் கணவர் தலையில் துணி கட்டுகிறார்?

"என் தாய்மாமா. பெண்ணைக் கொடுத்தவர்கள்தான் இதைக் கட்ட முடியும். அவர் எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றைக்குத்தான் என்னைக் கொடுத்தார்" என்றேன். உங்கள் மாமியாருக்காக வருந்துகிறேன் என்று மட்டும் அந்த அதிகாரி சொன்னார்கள்.

பங்குனி உத்திரத்துக்கு முன்பே விசா வந்தது. நாங்கள் சேர்ந்துவிட்டால் பால்குடம் எடுக்கிறேன் என்று அத்தை வேண்டியிருந்தார்கள். அந்தக் குடத்தை நான் எடுத்தேன். அவர்கள் உட்கார்ந்த படியிலெல்லாம் நானும் உட்கார்ந்து எழுந்தேன். சாமியிடம் எதையும் கேட்கவில்லை. நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அதை அவன் நன்றியாகவே எடுத்துக்கொண்டிருப்பான்.

இப்போது கனடாவில் அவரோடு இருக்கிறேன். கிருத்திகைக்கு இங்கேயும் விளக்கு வைக்கிறேன். யாராவது படம் எடுத்தால் ஒளிவதில்லை, அவர் பக்கத்தில் போய் ஒட்டி நிற்கிறேன். கண் பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். காப்பாற்றுகிறவன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான். அடியார்களே, உங்களுக்கும் ஏதோ ஒரு கதவு அடைத்திருக்கும். அவனிடம் போய்க் கேளுங்கள். என்னைப்போலச் சண்டை போட்டாவது கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டான். சிவப்புப் பூ வந்தால் அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்குங்கள். வீட்டுக்கு வந்ததும், கூட இருப்பவர்களின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள்.

இதை எழுதும்போதுதான் போனில் தேடிப் பார்த்தேன். அத்தையும் நானும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், அத்தனை சண்டையும் சிரிப்புமாக வாழ்ந்தோம். நாங்கள் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. இவள் பழனாத்தாளின் மருமகள்தானா என்று நாளைக்கு யாராவது ஆதாரம் கேட்டால், என்னிடம் இருப்பது அந்தக் கல்யாணப் படம்தான். சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கடைக்காரர் இங்கேயும் கேட்டார், மூலையில் இருப்பதை வெட்டிவிடட்டுமா என்று.

வேண்டாம், அது எங்கள் அத்தை என்றேன்.